ஜார்ஜியானா மெக்ரே, மெல்பர்ன் ஊரோட ஆரம்ப கால ஓவியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியா காலனி காலத்து ஓவியம்னு பேச்சு எடுத்தாலே ஜான் குளோவர், யூஜீன் வான் கெரார்ட், நிக்கோலஸ் ஷெவாலியே, லூயி புவெலோனு ஆம்பளைங்க பேரா வரிசையா வரும். ஜார்ஜியானா மெக்ரே பேரைச் சொன்னா பாதிப் பேர் "டைரி எழுதினாங்களே அவங்களா"னு கேப்பாங்க, மீதிப் பேர் "அந்தப் பழைய மர வீட்டுக்காரங்களா"னு கேப்பாங்க. ரெண்டும் சரிதான், ஆனா அவங்க முதல்ல ஓவியர், அதுவும் முறையா படிச்சு, அதை வச்சே சம்பாதிச்ச ஓவியர். அந்த விஷயம் கடைசியா ஞாபகத்துக்கு வர்ற மாதிரி ஆயிடுச்சேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம் உண்டு, அதனாலதான் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எல்லாம் சேர்த்து இங்க பதில் எழுதுறேன்.

இவங்க யாரு? சுருக்கமா சொல்லுங்க.

1804 மார்ச் 15 லண்டன்ல பிறந்தாங்க. மினியேச்சர்னு சொல்ற குட்டி உருவப்படங்களும் வாட்டர்கலரும்தான் இவங்க தொழில். 1841-ல நாலு பசங்களைக் கூட்டிக்கிட்டு போர்ட் பிலிப்னு அப்போ சொன்ன மெல்பர்னுக்குக் கப்பல்ல வந்து இறங்கினாங்க. 1890 மே 24 அன்னைக்கு மெல்பர்ன் ஹாத்தார்ன்ல 86 வயசுல இறந்தாங்க. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அந்த ஊர்ல வாழ்ந்திருக்காங்க, ஊர் வெறும் சேறும் மரக்கட்டையுமா இருந்ததையும் பார்த்தாங்க, தங்கம் கிடைச்சு பெரிய நகரமா மாறினதையும் பார்த்தாங்க.

டியூக் மகள்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். அப்பா ஜார்ஜ், அப்போ ஹன்ட்லி மார்க்விஸ் (டியூக்குக்கு அடுத்த படி பிரபுப் பட்டம்), பின்னாடி ஸ்காட்லாந்துல கோர்டன் வம்சத்தோட ஐந்தாவது டியூக் ஆனவர். அம்மா ஜேன் கிரஹாம். ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகல. அதனால சட்டப்படி மகளுக்கு எந்த உரிமையும் கிடையாது, ஆனா அப்பா கைவிடல, படிப்புச் செலவைப் பார்த்துக்கிட்டார், பிறகு தாத்தா நாலாவது டியூக் அலெக்ஸாண்டர் தன்னோட கோர்டன் கோட்டையிலேயே அவங்களை வச்சுக்கிட்டார்.

இந்த நிலைமையை நல்லா புரிஞ்சுக்கணும், ஏன்னா பின்னாடி நடக்கிற எல்லாத்துக்கும் வேர் இங்கதான் இருக்கு. பெரிய இடத்துப் பொண்ணு மாதிரி வளர்ப்பு, பிரெஞ்சு, இசை, ஓவியம் எல்லாம் உண்டு, ஆனா கையில ஒரு காணி நிலம் கூட எழுதி வைக்கல. 1827-ல தாத்தா போயிட்டார், அப்பா டியூக் ஆனார். அப்பாவைக் கட்டிக்கிட்ட எலிசபெத் பிராடி பக்தி ரொம்ப ஜாஸ்தி உள்ளவங்க, கோட்டையில அவங்க வச்சதுதான் சட்டம்னு ஆச்சு. ஜார்ஜியானா ஆசைப்பட்டது பீட்டர் கோர்டன்னு ஒரு உறவுக்காரப் பையனை, அவர் கத்தோலிக்கர், அந்தக் காரணத்தாலேயே அந்தப் பேச்சை முளையிலேயே கிள்ளிட்டாங்க.

ஓவியம் யார்கிட்ட கத்துக்கிட்டாங்க?

லண்டன்ல அன்னைக்கு பேர் போன வாத்தியார்கள்கிட்ட. லேண்ட்ஸ்கேப்புக்கு ஜான் வார்லி, ஜான் குளோவர். மினியேச்சருக்கு சார்லஸ் ஹேட்டர். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த கன்னியாஸ்திரீகள் நடத்தின பள்ளிக்கூடத்துல சின்ன வயசுல படிச்சதால பிரெஞ்சு அவங்களுக்குத் தாய்மொழி மாதிரி வரும். 1816-ல, பன்னிரண்டு வயசுல, லண்டனோட பெரிய கலை அமைப்பான ராயல் அகாடமி கண்காட்சியில அவங்க படம் இடம் பிடிச்சது. அப்புறம் கலைக்கான சொசைட்டி ஒண்ணுகிட்ட இருந்து வெள்ளிப் பரிசும் வாங்கினாங்க.

ஜான் குளோவர் பேரை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, அவர் கதை பின்னாடி திரும்ப வரும்.

மினியேச்சர்னா என்ன? சின்ன படம், அவ்வளவுதானே?

சைஸ் சின்னதுதான், பெரும்பாலும் உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், ஆனா வேலை சின்னது இல்ல. போட்டோ வராத காலம் அது. வெளியூர் போற மகனோட முகம், கல்யாணம் நிச்சயமான பொண்ணோட முகம், செத்துப் போன குழந்தையோட முகம், இதை எல்லாம் கழுத்துச் சங்கிலியில மாட்டிக்கிட்டோ பெட்டியில பூட்டியோ வச்சுக்கணும்னா மினியேச்சர்தான் வழி.

யானைத் தந்தத்தை காகிதம் மாதிரி மெல்லிசா சீவி எடுப்பாங்க. அதுல எண்ணெய்ப் பசை இருக்கும், வழவழன்னும் இருக்கும், தண்ணிக் கலர் அதுமேல ஒட்டாம வழுக்கிக்கிட்டுப் போயிடும். அதனால முதல்ல பியூமிஸ் கல்லுப் பொடியால தேய்ச்சு பசையை எடுத்து, லேசா சொரசொரப்பாக்கணும். அப்புறம் கலர்ல பிசின் கலந்து, ரொம்ப மெல்லிய பிரஷ்ல, புள்ளி புள்ளியாவும் குட்டிக் குட்டிக் கோடாவும் வச்சுக்கிட்டே போகணும். அகலமா ஒரு தடவை இழுத்து விட்டா கீழ இருக்கிற கலர் கரைஞ்சு வந்துடும். முகத்துல தந்தத்தோட இயற்கையான வெளிச்சம் உள்ள இருந்து தெரியற மாதிரி கலரை லேசாவே விடணும், தோல் மினுமினுன்னு உயிரோட இருக்கிற மாதிரி தெரியறதுக்கு அதுதான் காரணம். சட்டை, திரைச்சீலைக்கு மட்டும் கனமா பூசலாம். கையும் கண்ணும் ஒரு நிமிஷம் தடுமாறினா முகமே மாறிப் போயிடும். இது பொழுதுபோக்கா கத்துக்கிட்டு வர்ற வேலை இல்ல, வருஷக் கணக்கா பழகணும்.

அப்போ நிஜமாவே ஓவியத்தை வச்சு சம்பாதிச்சாங்களா?

ஆமா. 1829-ல கோட்டையை விட்டு எடின்பரோவுக்குப் போய் தனியா தங்கி, உருவப்படம் வரைஞ்சு கொடுத்து காசு வாங்கினாங்க. யாருக்கு வரைஞ்சேன், எவ்வளவு வந்துச்சுன்னு கணக்கு எழுதி வச்சாங்க. அந்தக் காலத்துல ஒரு டியூக்கோட மகள், அதுவும் கல்யாணம் ஆகாதவங்க, தன் கை உழைப்புல சாப்பிட்டாங்கன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க வாழ்க்கையில முழுசா சொந்தக் கால்ல நின்ன காலம் அதுதான், ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

1830 செப்டம்பர் 25, கோர்டன் கோட்டையில ஆண்ட்ரூ மெக்ரேங்கிற எடின்பரோ வக்கீலோட கல்யாணம் நடந்தது. அதோட தொழில் நின்னுது.

ஆஸ்திரேலியாவுக்கு ஏன் போனாங்க?

காசுதான் காரணம். கல்யாணம் ஆகி சில வருஷத்துல லண்டனுக்குக் குடி மாறினாங்க, ஆண்ட்ரூவுக்கு வக்கீல் தொழில் எதிர்பார்த்த அளவு ஓடல. முதல் பெண் குழந்தை சின்னதுலேயே தவறிடுச்சு, அப்புறம் நாலு பையன்கள். 1836-ல அப்பா டியூக் இறந்தப்போ மகளுக்கு ஏதாவது வரும்னு நம்பினாங்க, வரல. சித்தி எலிசபெத் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலைமை ஆச்சு, அவங்க 1864-ல சாகற வரைக்கும் அந்த நம்பிக்கை இழுத்துக்கிட்டே போய் கடைசியில ஒண்ணும் இல்லாம முடிஞ்சது.

ஆண்ட்ரூ முன்னாடியே சிட்னி கிளம்பிப் போய், அங்க இருந்து மெல்பர்ன் வந்துட்டார். இவங்க பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு சரியில்லாம லண்டன்லயே தங்கிட்டாங்க. அதுக்குள்ள மாமியார், நாத்தனார்கள், டாக்டரா இருந்த கொழுந்தனார் ஃபார்குஹார்னு மொத்தக் குடும்பமும் மெல்பர்ன் போய் செட்டில் ஆயிட்டாங்க. 1840 அக்டோபர் கடைசியில நாலு பசங்களோட 'ஆர்கைல்' கப்பல்ல ஏறி, நாலு மாசம் கடல்ல கிடந்து, 1841 மார்ச் 1 அன்னைக்கு வந்து சேர்ந்தாங்க.

அப்போ மெல்பர்ன் எப்படி இருந்துச்சு?

வெள்ளைக்காரங்க குடியேறி ஆறே வருஷம் ஆன ஊர். 1835-ல டாஸ்மேனியாவுல இருந்து வந்து இடம் பிடிச்சாங்க, 1837-ல ராபர்ட் ஹாடில் அளந்து தெருக் கட்டம் போட்டார். 1841 கணக்குப்படி ஊர்ல சுமார் 4,500 பேர். காகிதத்துல நேர்த்தியா கோடு போட்ட தெரு, தரையில முழங்கால் சேறு, எலிசபெத் தெருவுல மழை பெய்ஞ்சா ஓடை மாதிரி தண்ணி ஓடும். தனி காலனி கூட கிடையாது, நியூ சவுத் வேல்ஸுக்குக் கீழ ஒரு மாவட்டம்தான், 1851 ஜூலை 1-ல தான் விக்டோரியான்னு பிரிஞ்சது.

லிட்டில் லான்ஸ்டேல் தெருவுல ஒரு குட்டி வீட்டுக்கு வாடகை கொடுத்து இருந்தாங்க. வாடகை வருஷத்துக்கு 100 பவுண்டு, நிலத்து விலையும் வாடகையும் அப்போ எப்படி ஏறிக் கிடந்துச்சுன்னு அதுலயே தெரியும். அந்த வருஷக் கடைசியில மகள் லூசியா பிறந்தா.

1842 தொடக்கத்துல யாரா ஆத்தங்கரையில, இப்போ அபட்ஸ்ஃபோர்டுன்னு சொல்ற பக்கம், 'மேஃபீல்டு'ன்னு சொந்த வீடு கட்டிக் குடி போனாங்க. அதுக்கு பிளான் போட்டதே ஜார்ஜியானாதான். அந்த வீட்டுல இருந்து பார்க்கிற காட்சிகளை வாட்டர்கலர்ல வரைஞ்சு வச்சிருக்காங்க.

கையில தொழில் இருந்துச்சு, காசு கஷ்டமும் வந்துச்சு. அப்புறம் ஏன் படம் வரைஞ்சு சம்பாதிக்கல?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே எழுத ஆரம்பிச்சேன்னு சொல்லலாம்.

முதல்ல கஷ்டம் எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 1830-கள் கடைசியில எல்லாரும் கடன் வாங்கி நிலம் வாங்கினாங்க, ஆடு வாங்கினாங்க, விலை ஏறிக்கிட்டே போகும்னு நம்பினாங்க. லண்டன்ல கம்பளி விலை இறங்குச்சு, அங்க இருந்து வர்ற கடன் நின்னுது, 1842, 43-ல மெல்பர்ன்ல ஆளாளுக்கு திவால். ஆட்டுக்கு விலையே இல்லாம, கொன்னு கொதிக்க வச்சு கொழுப்பு எடுத்து வித்தாங்க. ஆண்ட்ரூவோட வக்கீல் தொழிலும் போட்ட பணமும் அதுல போச்சு, ஆசை ஆசையா கட்டின மேஃபீல்டும் கையை விட்டுப் போச்சு.

அந்த நேரத்துல வீட்டுல லண்டன்ல பயிற்சி எடுத்த, எடின்பரோவுல காசு வாங்கி வேலை பார்த்த ஒரு உருவப்பட ஓவியர் உக்காந்திருக்காங்க. ஊர்ல போட்டோ ஸ்டுடியோ கிடையாது, 1845-ல குட்மேன்னு ஒருத்தர் வந்துதான் டகெரோடைப்னு சொல்ற ஆரம்ப கால போட்டோ எடுக்க ஆரம்பிச்சார். சொந்த ஊருக்குத் திரும்ப எப்போ போவோம்னு தெரியாத குடும்பங்கள், ஊர்ல இருக்கிற அம்மா அப்பாவுக்கு குழந்தை முகத்தை அனுப்ப ஆசைப்படுறவங்க, இப்படி ஆயிரக்கணக்குல ஆளுங்க. தேவை இருந்துச்சு, திறமை இருந்துச்சு, அவங்களுக்கு ஆசையும் இருந்துச்சு. புகுந்த வீட்டுல ஒத்துக்கல. மெக்ரே குடும்பத்துப் பொம்பளை காசுக்குப் படம் வரையறதா, நாலு பேர் என்ன நினைப்பாங்க, ஆண்ட்ரூவால குடும்பத்தைக் காப்பாத்த முடியலன்னு ஊரே பேசுமே, இதுதான் பிரச்சனை. கல்யாணமான பொண்ணு சம்பாதிக்கிற காசு சட்டப்படி புருஷன் கைக்குத்தான் போகும், அப்படி இருந்தும் விடல.

அதனால சிநேகிதங்களுக்கு வரைஞ்சு கொடுத்தாங்க, பரிசா. பிள்ளைங்களை வரைஞ்சாங்க, வந்து போறவங்களை வரைஞ்சாங்க, கடலையும் மலையையும் வரைஞ்சாங்க. எல்லாமே வீட்டுக்குள்ள. எனக்கு மனசு தாங்காத இடம் இதுதான். பத்து வருஷம் தொடர்ந்து அந்த ஊர் முகங்களை வரைஞ்சிருந்தா ஆரம்ப கால மெல்பர்னோட முகங்கள் மொத்தமும் இன்னைக்கு நம்ம கண்ணு முன்னாடி இருந்திருக்கும்.

இப்போ வாத்தியார் ஜான் குளோவரைப் பாருங்க. 1831-ல, அவரோட 64-வது பிறந்தநாள் அன்னைக்கு டாஸ்மேனியாவுல வந்து இறங்கினார். பெரிய நிலம் கிடைச்சது, பேட்டர்டேல்னு பேர் வச்சார், கைதிகளை வேலைக்குக் கொடுத்தாங்க, உக்காந்து வரைஞ்சார், 1835-ல லண்டனுக்குப் படங்களை அனுப்பி கண்காட்சியே வச்சார். அவருக்குக் காலனி ஒரு ரெண்டாவது வாழ்க்கையைக் கொடுத்துச்சு. அவர்கிட்ட படிச்ச பொண்ணு முப்பத்தாறு வயசுல, தொழில்ல முதிர்ச்சி வர்ற வயசுல வந்தாங்க, அவங்க கையில இருந்த தொழிலையும் புகுந்த வீட்டுல வாங்கி உள்ள வச்சிட்டாங்க.

அந்தக் காலத்துல காலனியில எந்தப் பொண்ணுமே தொழிலா வரையலையா? எல்லாருக்கும் இதே நிலைமைதானா?

இல்ல, அதனாலதான் "அந்தக் காலம் அப்படி"ன்னு நான் சொல்றதில்ல. டாஸ்மேனியா ஹோபார்ட்ல மேரி மார்ட்டன் ஆல்போர்ட், இவங்களுக்குப் பத்து வருஷம் முன்னாடி வந்தவங்க, 1832-ல பேப்பர்லயே விளம்பரம் கொடுத்தாங்க, மினியேச்சர் வரைஞ்சு தர்றேன்னு. அவங்க புருஷனும் வக்கீல்தான். அடிலெய்டுல மார்த்தா பெர்க்லி, தெரசா வாக்கர்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர், 1837-லயே வந்து இறங்கினவங்க, ஒருத்தர் வாட்டர்கலர், இன்னொருத்தர் மெழுகுல உருவம் செய்யறவங்க. 1838-ல அடிலெய்டுல ஆதிக்குடிகளுக்கு கவர்னர் விருந்து வச்சதை மார்த்தா வரைஞ்ச படம் இன்னைக்கும் அந்த ஊரோட முக்கியமான சாட்சி.

ஆக வழி இருந்தது. ஜார்ஜியானாவுக்கு குறுக்க நின்னது குடும்பத்தோட கௌரவம், அதுவும் கையில காசு இல்லாதப்போ இன்னும் இறுக்கிப் பிடிச்ச கௌரவம்.

ஆர்தர்ஸ் சீட் வீடு பத்திச் சொல்லுங்க.

மெல்பர்னுக்குத் தெக்க மார்னிங்டன் தீபகற்பத்துல, கடலை ஒட்டி நிக்கிற மலை. 1802-ல ஜான் முர்ரேங்கிற கடற்படை ஆபீசர் எடின்பரோ மலையைப் போல இருக்குன்னு அந்தப் பேரை வச்சிட்டுப் போனார். 1843-ல ஆண்ட்ரூ அந்த மலையடிவாரத்தை மேய்ச்சலுக்கு எடுத்தார், வருஷத்துக்கு 10 பவுண்டு லைசென்ஸ் கட்டினா பெரிய பரப்புல மாடு மேய்க்கலாம், நிலம் சொந்தமாகாது. 1844-ல வீடு எழும்புச்சு, 1845 ஜூன்ல குடும்பம் மொத்தமும் அங்க போச்சு. சாலை வழியா போறது பெரும்பாடு, சாமான் எல்லாம் படகுல வரணும்.

வீடு அந்த மலையிலேயே வெட்டின மரப் பலகை, களிமண் பூச்சு, மேல மரச்சில்லு ஓடு. எந்த ரூம் எங்க வரணும், கணப்பு அடுப்பு எப்படி இருக்கணும்னு ஜார்ஜியானா படம் போட்டுக் கொடுத்தாங்க. கோட்டையில வளர்ந்தவங்க, அறை அறையா அளந்து ஒரு மர வீட்டை யோசிச்சிருக்காங்க, இப்போ போய்ப் பார்த்தாலும் அதுல ஒரு அடக்கமான அழகு தெரியும், வீண் இடம்னு ஒண்ணு கிடையாது.

பசங்களுக்குப் பாடம் சொல்லித் தர ஜான் மெக்லூர்னு ஒரு வாத்தியார் கூடவே இருந்தார். காட்டுல உக்காந்து லத்தீன் படிச்சாங்க. உடம்பு முடியாம வர்றவங்களுக்கு ஜார்ஜியானாதான் டாக்டர், காயத்துக்குக் கட்டுப் போடுறது, மருந்து கொடுக்கிறது எல்லாம். இதுக்கு நடுவுல சமையல், தையல், கைக்குழந்தை, அப்புறம் விளக்கு வெளிச்சத்துல டைரி. வரையறதுக்கு நேரம் எங்க இருந்து எடுத்தாங்கன்னு தெரியல, ஆனா எடுத்தாங்க.

அந்த நிலம் யாரோடது?

பூனூராங்னு சொல்ற ஆதிக்குடி மக்களோடது. இதைச் சொல்லாம அந்த வீட்டு அழகை மட்டும் பேசறது சரி இல்ல. கூலின் இனக் கூட்டத்துல ஒரு பிரிவு, அந்தக் கடற்கரை முழுக்க அவங்க நடமாட்டம். வெள்ளைக்காரக் குடியேற்றம் வர்றதுக்கு முன்னாடியே கடல்நாய் வேட்டைக்கு வந்தவங்க பூனூராங் பெண்களைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க, அப்புறம் நோய், அப்புறம் ஆடு மாடு வந்து அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்த கிழங்கையும் வேட்டை நிலத்தையும் அழிச்சது. 1839-ல வில்லியம் தாமஸ்னு அரசாங்கம் போட்ட பாதுகாவலர் கணக்கெடுத்தப்போ நூறு பேர் கூட இல்ல.

ஜார்ஜியானா வந்தப்போ மிச்சம் இருந்த மக்கள் அந்த வீட்டுப் பக்கம் வந்து தங்கிட்டுப் போவாங்க, பசங்க அவங்களோட வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் போவாங்க. ஜார்ஜியானா எலிசாங்கிற பூனூராங் பெண்ணை வரைஞ்சிருக்காங்க. அன்னைக்கு நிறைய பேர் ஆதிக்குடிகளை வரைஞ்சது ஏதோ வினோதப் பொருள் மாதிரி, பேர் கூட எழுத மாட்டாங்க. இவங்க படத்துல இருக்கிறது பேர் உள்ள ஒரு மனுஷி. அந்த அன்பு உண்மைன்னு நான் நம்புறேன். அதே சமயம் அந்த 10 பவுண்டு லைசென்ஸ் பூனூராங் மக்களைக் கேட்டு கொடுத்தது இல்ல, அந்தக் குடும்பம் அதுல வாழ்ந்துச்சு, இதுவும் உண்மை. மூத்த மகன் ஜார்ஜ் கோர்டன் மெக்ரே பின்னாடி கவிஞர் ஆகி, 1867-ல ஆதிக்குடிகள் கதையை வச்சு நெடுங்கவிதைகள் வெளியிட்டார், அதுக்கு விதை அந்தச் சின்ன வயசு சிநேகம்தான்.

கவர்னர் லா ட்ரோப் குடும்பத்துக்கும் இவங்களுக்கும் என்ன பழக்கம்?

சார்லஸ் ஜோசப் லா ட்ரோப் 1839-ல இருந்து போர்ட் பிலிப் சூப்பரின்டெண்டென்ட், 1851-ல விக்டோரியாவோட முதல் லெப்டினென்ட் கவர்னர். அவர் சம்சாரம் சோஃபி சுவிட்சர்லாந்துக்காரங்க, பிரெஞ்சு பேசறவங்க. அந்தச் சேத்து ஊர்ல பிரெஞ்சுல மனசு விட்டுப் பேச ஒரு ஆள் கிடைச்சா எப்படி இருக்கும், அப்படி ஒட்டிக்கிட்டாங்க ரெண்டு பேரும். லா ட்ரோப்பும் நல்லா வரைவார். ஜோலிமான்ட்ல இருந்த அவங்க வீட்டுல ஜார்ஜியானா அடிக்கடி தங்குவாங்க. 1854-ல லா ட்ரோப் ஊரை விட்டே போயிட்டார், சோஃபி அதுக்கு முன்னாடியே குழந்தைகளோட கிளம்பிட்டாங்க. ஜார்ஜியானாவுக்கு அது பெரிய இழப்பு.

அவங்க டைரி புத்தகமா இருக்காமே, அதை அப்படியே நம்பலாமா?

படிக்கலாம், ரசிக்கலாம், ஆனா ஜாக்கிரதையா. 1934-ல பேரன் ஹியூ மெக்ரே அதை வெளியிட்டார், அவரும் கவிஞர். பாட்டி எழுதினதை இஷ்டத்துக்கு வெட்டி, ஒட்டி, மெருகேத்திட்டார். பாட்டி கையெழுத்துல மிஞ்சி இருக்கிறதோட ஒப்பிட்டுப் பார்த்தவங்க நிறைய மாற்றம் இருக்குன்னு காட்டியிருக்காங்க. அதனால "ஜார்ஜியானாவே சொன்னாங்க"ன்னு நெட்ல சுத்துற வரி எல்லாம் பேரனோட வரியா இருக்க வாய்ப்பு உண்டு.

டைரி பிரபலம் ஆனதுல இன்னொரு விஷயம் நடந்துச்சு. ஊர் அவங்களை "காலனி வாழ்க்கையை எழுதின அம்மா"ன்னு ஏத்துக்கிச்சு, ஓவியர்ங்கிறது பின்னாடி போச்சு.

ஆர்தர்ஸ் சீட்டை விட்டு ஏன் போனாங்க? அப்புறம் என்ன ஆச்சு?

மேய்ச்சல்ல காசு நிக்கல. 1851-ல விட்டுட்டுக் கிளம்பினாங்க, பர்ரல் குடும்பம் எடுத்துக்கிச்சு. அந்த மலை வீட்டை விட்டுப் போறது அவங்களுக்கு எவ்வளவு வலின்னு டைரியோட கடைசிப் பக்கங்கள்ல தெரியும், தன் கையால திட்டம் போட்டு ஆசையா கட்டின வீடு ரெண்டாவது தடவையா கைவிட்டுப் போகுது.

அந்த வருஷம்தான் தங்கம் கிடைச்சு ஊர் தலைகீழா மாறுச்சு. ஆண்ட்ரூவுக்கு மாஜிஸ்ட்ரேட் உத்தியோகம் கிடைச்சது, ஆனா தூரத்துல, முதல்ல கிப்ஸ்லாந்து பக்கம் ஆல்பர்ட்டன், அப்புறம் வேற வேற ஊர். இவங்க பெரும்பாலும் பிள்ளைங்களோட மெல்பர்ன்லதான். 1857-ல விக்டோரியா நுண்கலைச் சங்கம் வச்ச கண்காட்சியில இவங்க படங்களும் இருந்துச்சு, லண்டன்ல பன்னிரண்டு வயசுல கண்காட்சிக்குப் போன பொண்ணு, ஐம்பத்து மூணு வயசுல இந்த ஊர் கண்காட்சிக்கு வர்றாங்க. ஊருக்குப் புதுசா வந்த ஓவியர்கள், எழுத்தாளர்கள்னு பலர் மகன் ஜார்ஜ் மூலமா பழக்கம் ஆனாங்க.

1867-ல ஆண்ட்ரூ தனியா பிரிட்டனுக்குக் கிளம்பிட்டார், ஏழு வருஷம் கழிச்சு 1874-ல திரும்பி வந்து அதே வருஷம் இறந்தார். ஜார்ஜியானா கடைசிக் காலம் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்களோட.

அவங்க வரைஞ்சதுல எது நல்லது? உங்க கருத்து என்ன?

லேண்ட்ஸ்கேப் சுமாருன்னுதான் எனக்குப் படுது, கச்சிதமா இருக்கும், ஆனா வார்லி சொல்லிக் கொடுத்த இங்கிலாந்து மரம் மாதிரியே யூகலிப்டஸ் மரத்தையும் வரைஞ்சிருப்பாங்க சில இடத்துல. முகம்தான் அவங்க பலம். கண்ணு, வாய் ஓரம், நெத்தியில முடி தொடங்குற இடம், இந்த மூணுலயும் ஆளோட குணத்தைப் பிடிச்சிடுவாங்க, மிகைப்படுத்தி அழகாக்க மாட்டாங்க. தன்னையே வரைஞ்ச படத்துலயும் அப்படித்தான், நேரா பார்க்கிற பார்வை, தன்னைப் பத்தி எந்த சமாதானமும் சொல்லாத முகம்.

இப்போ எங்க பார்க்கலாம்?

மெல்பர்ன் ஸ்வான்ஸ்டன் தெருவுல இருக்கிற விக்டோரியா மாநில நூலகத்துல அவங்க படங்களும் குடும்பக் காகிதங்களும் இருக்கு, நிறைய படம் நூலகத்தோட வெப்சைட்லயே ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க, பேரைப் போட்டுத் தேடுங்க.

வீடு பார்க்கணும்னா மார்னிங்டன் தீபகற்பத்துல மெக்ரேன்னு அவங்க குடும்பப் பேர்லயே இருக்கிற ஊருக்குப் போங்க, மெல்பர்ன் சிட்டியில இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். 1970-ல இருந்து பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்குது, எல்லா நாளும் திறந்திருக்காது, அதனால போறதுக்கு முன்னாடி அவங்க வெப்சைட்ல நேரம் பார்த்துக்கோங்க. பீச்சுக்குப் போற நம்மாளுங்க பலர் அந்த வீட்டைத் தாண்டித்தான் போறாங்க. உள்ள போனா அங்க இருக்கிறவங்ககிட்ட மினியேச்சர் எங்க வச்சிருக்கீங்கன்னு முதல்ல கேளுங்க. படத்துல முதல்ல கன்னத்தைப் பாருங்க, புள்ளி புள்ளியா கலர் போட்டிருக்கிறது அங்கதான் நல்லாத் தெரியும்.